வெயில் நாளில் காய்ச்சிய இரும்பு

பழைய ராணுவ ரைஃபிள்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "அதெல்லாம் கையால செஞ்சது. அந்தக் காலத்து ஆளு கண்ணால பார்த்தே சொல்லிடுவான்." நான் வேலை பழகிய பட்டறையில் ஒரு மேஸ்திரி இருந்தார். ஷேப்பரிலும் மில்லிங் மிஷினிலும் வாழ்நாள் முழுக்க நின்றவர். கம்ப்யூட்டர் மிஷின் வந்த பிறகு பட்டறையில் எது தப்பாகப் போனாலும் அவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அவர் சொன்னது மட்டும் மனதில் சரியாக உட்காரவே இல்லை. முழுக்க உண்மை என்று ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை, சும்மா பழம்பெருமை என்று தள்ளவும் முடியவில்லை.

உட்காராததற்குக் காரணம் ஒரு எண். கல்லூரியில் என்.சி.சி.யில் எங்களுக்குக் கொடுத்தது டி.பி. ரைஃபிள். சுட முடியாதபடி ஆக்கி, டிரில் பழகுவதற்கு மட்டும் வைத்திருக்கும் பழைய திரீ-நாட்-திரீ, அதாவது .303 அங்குல லீ-என்ஃபீல்டு ரைஃபிள். பரேடு முடிந்ததும் கந்தைத் துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்து, கோத்தில், அதாவது ஆயுத அறையில், திருப்பி அடுக்க வேண்டும். கட்டைக்கு மேலே இரும்புப் பட்டையில் ஒரு கிரீடம், அதன் கீழே ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துகள், இஷாப்பூர் என்ற பெயர், வருடம். தோட்டாவை உள்ளே தள்ளி மூடுகிற போல்ட்டின் கைப்பிடிக்குப் பின்னால் ஒரு எண். அதே எண், அந்த போல்ட் ஓடுகிற இரும்புக் கூடான பாடியிலும் இருக்கும். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ராணுவ பி.ஐ. ஸ்டாஃப் எதற்கு விட்டுக்கொடுத்தாலும் இதற்கு விடமாட்டார்: இந்த ரைஃபிளின் போல்ட்டை அந்த ரைஃபிளில் போடக்கூடாது. பிறகு மெஷினிஸ்ட் வேலைக்கு வந்து, ஒரே மாதிரி ஆயிரம் பீஸ் வெட்டித் தள்ளும் வேலையைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் அந்த எண் உறுத்தத் தொடங்கியது. இது மிஷினில் செய்த சாமான். எந்த போல்ட்டும் எந்தப் பாடியிலும் உட்கார வேண்டுமே. அப்புறம் எதற்கு ஜோடி எண்?

பத்துத் துப்பாக்கிகளும் ஒரு திருப்புளியும்

1850-கள் வரை பிரிட்டிஷ் ராணுவத்தின் துப்பாக்கிகள் மேஸ்திரி சொன்ன அர்த்தத்திலேயே கைவேலைதான். பர்மிங்ஹாமிலும் லண்டனிலும் குழலுக்கு ஒருவர், விசை அமைப்புக்கு ஒருவர், கட்டைக்கு ஒருவர் என்று தனித்தனிப் பட்டறைகள். கடைசியில் ஒருவர் அரத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்ட வைப்பார். ஒன்றில் பொருந்திய பாகம் இன்னொன்றில் பொருந்தாது. 1851-ல் லண்டன் பொருட்காட்சிக்கு அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்திலிருந்து ராபின்ஸ் அண்டு லாரன்ஸ் என்ற கம்பெனி கொண்டுவந்து வைத்த ரைஃபிள்களில் பாகங்களை மாற்றி மாற்றிப் போட முடிந்தது. பிரிட்டிஷ் அரசு ஒரு குழுவை 1854-ல் அமெரிக்காவுக்கு அனுப்பியது.

அந்தக் குழு மாசசூசெட்ஸில் உள்ள ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதத் தொழிற்சாலையில் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. 1844 முதல் 1853 வரை, வருடத்துக்கு ஒன்றாகப் பத்துத் துப்பாக்கிகளை எடுத்தார்கள். எல்லாவற்றையும் கழற்றிப் பாகங்களைக் கலந்துவிட்டார்கள். ஒரு தொழிலாளியைக் கூப்பிட்டு, அந்தக் குவியலிலிருந்து திரும்பப் பூட்டச் சொன்னார்கள். அவர் கையில் இருந்தது ஒரு திருப்புளி மட்டும். அரம் இல்லை. பத்தும் பூட்டப்பட்டன. பத்து வருட இடைவெளியில் வெவ்வேறு கைகள் செய்த பாகங்கள் அவை. குழு அந்த மிஷின்களையே வாங்கிக்கொண்டு வந்தது. கூடவே ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதத் தொழிற்சாலையில் வேலை தெரிந்த ஜேம்ஸ் பர்ட்டன் என்பவரையும், லண்டனுக்குப் பக்கத்தில் என்ஃபீல்டில் இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலைக்குத் தலைமைப் பொறியாளராக வரவழைத்தது. கட்டை செதுக்கும் மிஷின்களும் வந்தன. தாமஸ் பிளான்சார்டு என்பவர் 1820 வாக்கில் கண்டுபிடித்த லேத்தின் வழிவந்தவை அவை. ஒரு பக்கம் இரும்பில் செய்த மாதிரிக் கட்டை சுழலும், அதன்மேல் ஒரு சக்கரம் உருளும். மறுபக்கம் அதே அசைவில் கட்டர் வால்நட் மரத்தை வெட்டும். லேத் என்றால் உருளைதான் கடையும் என்று நினைப்பவர்கள் பார்க்க வேண்டிய சாமான்.

ஆக, பொடிமாஸ்போல வரலாற்றைக் கிளறாமல் ஒன்றைச் சொல்லிவிடலாம்: நாம் கையில் எடுக்கிற திரீ-நாட்-திரீ வந்தபோது, அரம் பிடித்த கைவேலைக் காலம் முடிந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஜேம்ஸ் பாரிஸ் லீ வடிவமைத்த போல்ட்டோடு லீ-மெட்ஃபோர்டு 1888-ல் வந்தது, என்ஃபீல்டு குழலோடு 1895-ல் லீ-என்ஃபீல்டு வந்தது, குட்டை வடிவம் 1904-ல், அதன் மார்க் 3 1907-ல். வங்காளத்தில் ஹூக்ளிக் கரையில் இருக்கும் இஷாப்பூர் தொழிற்சாலையிலும் அதே காலத்தில்தான் ரைஃபிள் செய்ய ஆரம்பித்தார்கள்.

அந்தத் தொழிற்சாலைகளில் வேலை எப்படி நடந்தது என்பதை மிஷினில் நின்றவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். பாடி என்பது காய்ச்சி அடித்த இரும்புக் கட்டியாகத்தான் உள்ளே வரும். ரைஃபிளின் உருவமே அதில் இருக்காது. கூரையை ஒட்டி ஓடும் நீளத் தண்டிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் பெல்ட் இறங்கும். ஒரு மிஷின், ஜாபை (வெட்டுகிற பீஸை) அசையாமல் பிடிக்க ஒரு ஃபிக்ஸ்சர், ஒரு கட்டர், ஒரு வெட்டு. ஜாப் அந்த ஃபிக்ஸ்சரில் ஒரே ஒரு விதமாகத்தான் உட்காரும். தப்பாக வைத்தால் மூடாது. வெட்டி முடித்ததும், அளவு சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்கிற கேஜை வைத்துப் பார்த்து அடுத்த மிஷினுக்குத் தள்ளிவிட வேண்டும். போல்ட் ஓடும் தடம் ஒரு இடத்தில், தோட்டாப் பெட்டியின் வாய் இன்னொரு இடத்தில், திருகுத் துளைகள் வேறொரு இடத்தில். நான் இன்று ஒரே கிளாம்பிங்கில் முடிக்கிற வேலையை அவர்கள் நீண்ட வரிசையாக நீட்டி வைத்திருந்தார்கள். டி.பி. ரைஃபிளில் தோட்டாப் பெட்டியைக் கழற்றிப் பாடிக்குள் பார்த்தால் அந்த வரிசை தெரியும். வெளிப்பக்கம் வழவழவென்று இருக்கும். உள்ளே, யார் கண்ணிலும் படாத மூலைகளில், கட்டர் ஏறி இறங்கிய கோடுகள் அப்படியே இருக்கும். ஒரு வெட்டு முடிந்து இன்னொரு வெட்டு தொடங்குகிற சின்னப் படிகூட விரல் நகத்துக்குத் தட்டும். தேவையில்லாத இடத்தில் அவர்கள் ஒரு நிமிடத்தைக்கூடச் செலவழிக்கவில்லை. முதல் உலகப்போர் நடுவில் மார்க் 3-ஐ எளிமையாக்கியபோது, பக்கவாட்டில் இருந்த தொலைதூரக் குறியையும், தோட்டாப் பெட்டியைத் தடுக்கும் தகட்டையும் எடுத்துவிட்டதும் இதே புத்திதான்.

குழலுக்குள் ஒரு நிழல்

சரி, கண்ணால் பார்த்தே சொன்ன ஆட்கள் இருந்தார்களா? இருந்தார்கள். குழல் நிமிர்த்துகிறவர்களைப் பற்றிப் படித்தபோது மேஸ்திரியின் ஞாபகம்தான் வந்தது.

நீளமான இரும்புத் தண்டில் துளை போடும்போதும், வெளிப்புறத்தைக் கடையும்போதும் உள்ளே இருக்கிற இறுக்கம் விடுபட்டுக் குழல் கொஞ்சம் வளையும். அந்த வளைவு வெளியிலிருந்து தெரியாது. தெரிந்தாலும் பயனில்லை, ஏனென்றால் நேராக இருக்க வேண்டியது துளை. நிமிர்த்துகிறவர் ஜன்னல் முன்னால் நிற்பார். ஜன்னலில் குறுக்கே ஒரு கட்டையோ கோடோ இருக்கும். குழலைத் தூக்கி, அந்தக் கோட்டின் நிழல் துளையின் பளபளப்பான சுவரில் விழும்படி பிடிப்பார். துளை நேராக இருந்தால் நிழலின் ஓரம் ஊசிபோல் நேராக ஓடும். எங்காவது வளைவு இருந்தால் அந்த இடத்தில் ஓரம் நெளியும். குழலை மெல்லச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்தில் நெளிகிறது என்று கண்டுபிடித்து, அந்த இடத்தில் ஒரு அழுத்தம். திரும்பவும் ஜன்னல். திரும்பவும் அழுத்தம். பழைய நாளில் அடைகல்லில் வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள், பிறகு கைச்சக்கரம் வைத்த பிரஸ் வந்தது. பெரிய வெட்டு ஒவ்வொன்றுக்கும் பின்னால் குழல் மறுபடி அந்த ஜன்னலுக்கு வரும். மற்ற எல்லா வேலைக்கும் மிஷின் வந்த பிறகும் இது ரொம்ப காலம் மனிதக் கண்ணிடமே இருந்தது.

அப்படி நிமிர்ந்த குழலில்தான் சுருள்வரி வெட்டுவார்கள். என்ஃபீல்டு குழலில் ஐந்து வரிகள், இடப்பக்கம் திரும்பும், பத்து அங்குலத்துக்கு ஒரு முழுச்சுற்று. கொக்கி மாதிரி ஒரு சின்ன கட்டர் நீளத் தண்டின் நுனியில் உட்கார்ந்து, துளை வழியாக இழுக்கப்படும்போது ஒரு வரியில் மிக மெல்லிய ஒரு சீவலை எடுக்கும். அடுத்த இழுப்பு அடுத்த வரியில். எல்லாம் ஒரு சுற்று முடிந்ததும் கட்டரை ஒரு துளி உயர்த்தி மறுபடி முதலிலிருந்து. மொத்த ஆழமே சில தௌதான் (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பொறுமையின்மேல் எனக்கு ஒரு பிரியம் வந்துவிடுகிறது.

இவ்வளவும் தெரிந்த பிறகு மேஸ்திரி சொன்னதுதான் சரி என்று ஒரு முடிவுக்கு வந்திருப்பேன். ஸ்பிரிங்ஃபீல்டின் இன்னொரு கதை குறுக்கே வராமல் இருந்திருந்தால்.

உலை முன்னால் நின்றவர்கள்

அதே ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலை 1903 மாடல் என்ற ரைஃபிளைச் செய்துகொண்டிருந்தது. அழகான ரைஃபிள். பார்க்கிற எவரும் அதன் மிஷின் வேலையைக் குறை சொல்ல மாட்டார்கள். 1917-ல் அமெரிக்கா போரில் இறங்கிய சமயத்தில் சில ரைஃபிள்கள் சுடும்போதே பாடி உடைந்து சிதறின. தோட்டாக்கள்மேலும் தப்பு இருந்தது, சில குப்பிகளின் அடிப்பாகம் மென்மையாக இருந்து வெடித்தது. ஆனால் நல்ல இரும்பு அதைத் தாங்கி வளைந்துகொடுத்திருக்கும். இந்தப் பாடிகள் கண்ணாடிபோல நொறுங்கின. விசாரித்துக்கொண்டே போனவர்கள் கடைசியில் உலைக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

இரும்பு எவ்வளவு சூடாகியிருக்கிறது என்பதை அங்கே அனுபவசாலிகள் நிறத்தை வைத்துத்தான் முடிவு செய்தார்கள். வருடக்கணக்காக அந்த வேலையே செய்தவர்கள், திறமையில் சந்தேகமே இல்லை. படைத்தளவாட அதிகாரி ஜூலியன் ஹேட்சர் பிற்காலத்தில் இதை விரிவாகப் பதிவு செய்தார். பளீரென்று வெயில் அடிக்கிற நாளில் அதே கண்கள் 'இது சரியான சூடு' என்று சொன்ன இரும்பு, மேகம் மூடிய நாளில் அதே கண்கள் சரி என்று சொன்ன இரும்பைவிட 300 டிகிரி ஃபாரன்ஹீட் வரை அதிகமாகக் காய்ந்திருந்தது. வெளிச்சம் அதிகமாக இருந்தால் கனலின் நிறம் மங்கித் தெரியும். இன்னும் கொஞ்சம் காயட்டும் என்று விடுவார்கள். இரும்பு கருகும். கருகிய இரும்பு அதன்பிறகு எவ்வளவு நேர்த்தியான மில்லிங்குக்குப் போனாலும், எல்லா கேஜிலும் தேறினாலும், உள்ளே நொறுங்கக்கூடியதுதான்.

உலைகளுக்கு வெப்பமானி வைத்தார்கள். 1918-ல், காய்ச்சிய இரும்பைக் குளிரவைத்துக் கடினமாக்கும் தோய்ச்சலை இரண்டு தடவை செய்கிற இரட்டைத் தோய்ச்சல் முறை வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் சுமார் 8 லட்சமாவது எண்ணுக்குக் கீழே, அதே மாடலைச் செய்த ராக் ஐலண்டு தொழிற்சாலையில் 2,85,507-க்குக் கீழே உள்ள ரைஃபிள்கள் எல்லாம் சந்தேகத்துக்கு உள்ளாயின. எல்லாமே கெட்டவை இல்லை, பெரும்பாலானவை நன்றாகவே சுட்டன. எது வெயில் நாளில் காய்ச்சியது, எது மேக நாளில் காய்ச்சியது என்று வெளியிலிருந்து சொல்ல வழியில்லை என்பதுதான் கொடுமை. இன்றைக்கும் அந்த மாடலை வாங்குகிற சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது வரிசை எண்ணைத்தான்.

இதைப் படித்துவிட்டுப் பல நாள் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நம் ஊர்க் கொல்லுப்பட்டறை ஏன் எப்போதும் தாழ்ந்த கூரையோடு இருட்டாக இருக்கிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுகிறவர் நிறம் பார்க்க அந்த இருட்டு வேண்டும். வெளிச்சத்தைத் தன் கட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் அவர் தன் கண்ணை நம்புகிறார். ஸ்பிரிங்ஃபீல்டில் கண் இருந்தது, அந்த ஏற்பாடு இல்லை.

ஜன்னல் முன்னால் நின்றவரும் உலை முன்னால் நின்றவரும் நம்பியது ஒரே சாமானைத்தான், மனிதக் கண்ணை. ஒருவர் ஜெயித்தார், இன்னொருவர் தோற்றார். திறமையில் வித்தியாசம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. கண்ணிடம் என்ன கேட்டார்கள் என்பதில்தான் வித்தியாசம். குழல் நிமிர்த்துகிறவருக்குக் கோடும் நிழலும் ஒரே சமயத்தில் கண்ணெதிரே இருக்கின்றன. நிழலின் ஓரம் நேராக இருக்கிறதா, நெளிகிறதா என்று ஒப்பிட்டால் போதும். வெயில் ஏறினாலும் இறங்கினாலும் நேர்கோடு நேர்கோடுதான். உலைக்காரர் எதிரே இருக்கும் நிறத்தை எதோடு ஒப்பிடுவார்? நேற்று பார்த்த நிறத்தின் ஞாபகத்தோடு. எதிரே வைத்துப் பார்க்க இன்னொரு நிறம் அவருக்கு யாரும் தரவில்லை. ஒப்பிடுவதற்குக் கண்ணைப்போல ஒரு கருவி கிடையாது. ஆனால் அளந்து சொல் என்று கேட்டால் அது சுற்றியிருக்கும் எல்லாவற்றாலும் ஏமாறும்.

இரண்டு கேஜ்

இப்போது அந்த ஜோடி எண்ணுக்கு வரலாம். லீ-என்ஃபீல்டு போல்ட்டின் பின்பகுதியில் இரண்டு தாங்கிகள் உண்டு. தோட்டா வெடிக்கும்போது பின்னால் தள்ளுகிற விசையை இரண்டும் பாடியில் சமமாக வாங்க வேண்டும். ஒன்று தொட்டு மற்றொன்று ஒரு தௌ தள்ளி நின்றால்கூட முழுச் சுமையும் ஒரே பக்கம் விழும். மிஷின் அதைக் கிட்டத்தட்டக் கொண்டுவந்து விட்டுவிடும். மீதியை ஃபிட்டர் செய்வார். புளூ என்கிற நீலச் சாயத்தைத் தடவி, மூடித் திறந்து, எங்கே ஒட்டுகிறது என்று பார்த்து, தேவைப்பட்ட இடத்தில் மட்டும் துளித் துளியாகத் தேய்த்து எடுப்பார். இரண்டிலும் புளூ ஒட்டினால் அந்த போல்ட் அந்தப் பாடிக்குச் சொந்தம். எண் அடித்துவிடுவார்கள். அதன்பிறகு, மூடிய போல்ட்டுக்கும் குழலுக்கும் நடுவே தோட்டாவின் விளிம்புக்கு இருக்கும் இடத்தைப் பார்க்கிற ஹெட்ஸ்பேஸ் கேஜ். 0.064 அங்குல கேஜை உள்ளே வைத்தால் போல்ட் மூட வேண்டும். 0.074 அங்குல கேஜை வைத்தால் மூடவே கூடாது. நடுவில் இருப்பது வெறும் பத்து தௌ, கால் மில்லிமீட்டர்.

அந்த ஃபிட்டரை யாரும் அளக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். புளூ ஒட்டுகிறதா, ஒட்டவில்லையா? மூடுகிறதா, மூடவில்லையா? பாரம்பரிய மிஷின் வேலையில் என்னை ஆச்சரியப்படுத்துவது இதுதான். கஷ்டமான அளவையெல்லாம் யாரோ ஒருவர், கேஜ் செய்கிற டூல் ரூமில் உட்கார்ந்து, ஒருமுறை செய்து முடித்துவிட்டார். மிஷின் முன்னால் நிற்கிற ஆயிரம் பேரிடமும் விட்டது ஒப்பிடுகிற வேலையை மட்டும். பத்துத் துப்பாக்கிகளும் ஒரே திருப்புளியில் பூட்டப்பட்டது இந்த ஏற்பாட்டால்தான். மேஸ்திரி புகழ்ந்த கை அதில் இருக்கிறது, ஆனால் அது எந்த இடத்தில் நின்றால் தவறாது என்று யோசித்து நிறுத்தப்பட்ட கை. உலைக்கூடத்தில் மட்டும் அந்த யோசனை தாமதமாக வந்தது.

இஷாப்பூர் இந்த முறையை நீண்ட காலம் காப்பாற்றியது. முன்கட்டையில் பிளவு விடாமல் இருக்கக் குறுக்கே அவர்கள் போட்ட திருகைப் பார்த்தே இது இஷாப்பூர் என்று சொல்லிவிடலாம். 1962 போருக்குப் பிறகு, அதே மார்க் 3 உருவத்தை வலுவான எஃகில் 7.62 மி.மீ. தோட்டாவுக்கு மாற்றி 2ஏ என்று செய்தார்கள். உலகம் முழுவதும் தானியங்கி ரைஃபிளுக்குப் போய்விட்ட சமயத்தில், அந்த ஃபிக்ஸ்சர்களிலும் கட்டர்களிலும் இன்னும் உயிர் இருந்தது. நம் போலீஸ் ஸ்டேஷன்களில் பாராக்காரர் தோளில் திரீ-நாட்-திரீயை அண்மைக்காலம் வரை பார்த்தோம்.

இதை எழுதும்போது ஒன்றைச் சொல்லாமல் தாண்ட எனக்கு மனம் வரவில்லை. 1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் 50 சிப்பாய்கள் சுமார் பத்து நிமிடத்தில் 1,650 தோட்டாக்களைச் சுட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது இந்த திரீ-நாட்-திரீதான். ஆளுக்கு 33. ஒவ்வொன்றுக்கும் போல்ட்டைத் திறந்து மூட ஒரு கை அசைய வேண்டும். அந்த போல்ட் சிக்காமல் ஓடியதற்குக் காரணம் நான் மேலே புகழ்ந்த அதே வேலைதான். இந்த இரண்டையும் பிரித்து வைத்துப் பேச என்னால் முடியாது. வேலையின்மேல் இருக்கிற மதிப்பும் அந்த மைதானத்தின்மேல் இருக்கிற வலியும் ஒன்றையொன்று கரைப்பதில்லை. இரண்டையும் சேர்த்தே வைத்திருக்கிறேன்.

நான் போய்ப் பார்த்த அருங்காட்சியகங்களில் ரைஃபிள்களைக் கண்ணாடிக்குப் பின்னால் சாய்த்து, மாடலும் வருடமும் எழுதி வைத்திருக்கிறார்கள். அது பாதிதான். 1968-ல் மூடப்பட்ட ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையில் இப்போது இருக்கும் அருங்காட்சியகத்தில் பிளான்சார்டின் லேத்தையும் வைத்திருக்கிறார்கள். நமக்கும் அப்படி ஒன்று வேண்டும். பாடியை ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் ஒன்று நிறுத்தி, இரும்புக் கட்டியிலிருந்து முடிந்த பாடி வரை வரிசையாக ஒரு மேசையில் அடுக்க வேண்டும். பக்கத்தில் ஃபிக்ஸ்சர், கட்டர், கேஜ். பார்க்க வருகிற ஐ.டி.ஐ. பிள்ளைகளிடம் 64, 74 இரண்டு கேஜையும் கையிலேயே கொடுத்து, போல்ட்டை மூடிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.